நிறமற்ற சுடரின் அருமை

ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புன்சன் உருவாக்கிய பர்னரை இன்று எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் பார்க்கலாம். அதன் பெருமை வெப்பத்தில் மட்டும் இல்லை. அதன் சுடருக்குத் தனக்கென நிறம் கிடையாது. சோடியம் மஞ்சளாகவும் பொட்டாசியம் ஊதாவாகவும் எரிவது அதில்தான் கலப்பின்றித் தெரிந்தது.

ஆனால் இரண்டும் கலந்திருந்தால் மஞ்சள் ஊதாவை விழுங்கிவிடும். புன்சன் நிறக் கண்ணாடிகளை வைத்துப் பிரித்துப் பார்த்தார். ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தச் சொன்னவர் இயற்பியலாளர் கிர்ச்சாஃப். 1859இல் இருவரும் சேர்ந்து நிறமாலைமானியை அமைத்தார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கோடுகளைக் காட்டியது. மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சோடியம்கூடத் தப்பவில்லை.

1860இல் டூர்க்கைம் என்ற ஊரின் ஊற்றுநீரில் அதுவரை யாரும் அறியாத இரண்டு நீலக் கோடுகள் தெரிந்தன. அவை காட்டிய புதிய தனிமம்தான் சீசியம். கண்ணுக்குக் கோடு தெரிந்ததோடு புன்சன் நிற்கவில்லை. சுமார் 40 டன் நீரை வற்றவைத்துச் சில கிராம் சீசியம் உப்பைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டே ரூபிடியமும் கிடைத்தது.

இந்தப் பொறுமையைத்தான் நான் வியக்கிறேன். கருவி காட்டுவதை நம்பலாம்; அதைக் கையில் பிடிக்கக்கூடிய பொருளாக எடுத்து நிறுவும்போதே பகுப்பாய்வு முழுமையடைகிறது.