விடை வந்து சேரும் வழி

வாசுதேவநல்லூர் வட்டாரத்து எலுமிச்சைக்குப் பெரிய சந்தை புளியங்குடி. அங்கே ஒரு கமிஷன் கடையின் கணக்கை டேட்டாபேஸில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஏலம் முடிந்ததும் இரண்டு விதமான வேலை வரும். இந்தத் தொகைக்குக் கமிஷன் எவ்வளவு என்று சொல்வது ஒன்று. விற்பனையைப் பதிந்து, பில் எண் போட்டு, கமிஷனும் கூலியும் கழித்து, விவசாயி கைக்குப் போகும் தொகையைச் சொல்வது இன்னொன்று. முதல் வேலைக்கு ஃபங்ஷன், இரண்டாவதற்கு ஸ்டோர்டு ப்ரொசீஜர். இரண்டும் விடை சொல்லும் விதத்தில் உள்ள வேறுபாடு, நின்று ரசிக்கத் தக்கது.

ஃபங்ஷன் சொல்வது ஒரே விடை. அதனாலேயே அது செலக்ட் வாக்கியத்தின் நடுவே, ஓர் எண் நிற்க வேண்டிய இடத்தில், எண்ணாகவே நிற்கிறது. பில் 1,000 இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் கமிஷனைச் சொல்லும். இதற்கு, அழைத்தவரின் மாறி ஒன்றில் விடையை வைத்துவிட்டுப் போகும் அவுட்புட் பாராமீட்டரையும் சேர்த்துவிட்டால்? வாக்கியம் ஓடி முடிந்தபின் அந்த மாறியில் இருப்பது எந்த விவசாயியின் கணக்கு? ஒழுங்கான பதில் கிடையாது. எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல் ஆகிய டேட்டாபேஸ்கள் இதை முன்பே உணர்ந்து, ஃபங்ஷனுக்கு அவுட்புட் பாராமீட்டரே வைக்கவில்லை. ஆரக்கிள் வைத்துக்கொள்ள விடும். ஆனால் அப்படிப்பட்ட ஃபங்ஷனை செலக்ட்டுக்குள் கொண்டுவந்தால் மறுத்துவிடும். ஆரக்கிளின் பிஎல்/எஸ்க்யூஎல் மொழி, அடா மொழியை முன்மாதிரியாகக் கொண்டது. அந்த அடாவிலும் 2012 பதிப்பு வரும் வரை ஃபங்ஷனுக்கு, மதிப்பை உள்ளே வாங்க மட்டும் செய்யும் 'இன்' வகைதான் இருந்தது.

ப்ரொசீஜர் இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்குவதில்லை. தனியாக அழைத்தால்தான் வரும். அந்தத் தனிமைக்குக் கிடைத்த உரிமைதான் அவுட்புட் பாராமீட்டர். பில் எண், கழிவு, கைத்தொகை என்று எத்தனை விடை வேண்டுமோ அத்தனைக்கும் தனித்தனி இடம் வைக்கலாம்.

இதில் என் மனம் அதிகம் லயிப்பது ஆரக்கிளின் ஒரு நுட்பத்தில். ப்ரொசீஜர் அவுட் பாராமீட்டரில் எழுதுவது, வழக்கமாக, அழைத்தவரின் மாறியில் நேராக எழுதுவதல்ல. தன்னிடம் உள்ள நகலில் எழுதிக்கொள்கிறது. வேலை நல்லபடியாக முடிந்தால்தான் அந்த மதிப்பு அழைத்தவரிடம் போய்ச் சேரும். நடுவில் பிழை வந்து, அதை ப்ரொசீஜர் தானே கையாளாமல் வெளியேறினால், அழைத்தவரின் மாறி பழைய மதிப்போடு அப்படியே இருக்கும். தாளில் கூட்டிப் பார்த்து, சரி என்று தெரிந்தபின் பேரேட்டில் ஏற்றும் கணக்கப்பிள்ளையின் ஒழுக்கம் இது. பெரிய தரவுக்கு இந்த நகல் சுமையாகும் என்பதால் 'நோகாப்பி' என்ற சலுகையும் உண்டு. வேகம் கிடைக்கலாம், பிழை வந்தால் அரைகுறை மதிப்பு மிஞ்சவும் கூடும்.

எஸ்க்யூஎல் சர்வர் வேறொரு கண்டிப்பு வைத்திருக்கிறது. 'அவுட்புட்' என்ற சொல்லை ப்ரொசீஜரிலும் எழுத வேண்டும், அழைக்கும் வரியிலும் எழுத வேண்டும். கொடுப்பவரும் வாங்குபவரும் சம்மதித்தால்தான் விடை கைமாறும். அழைக்கும் இடத்தில் சொல்லை விட்டுவிட்டால் பிழைச்செய்தி வராது, விடையும் வராது. ப்ரொசீஜர் அட்டவணை வரிகளையும் அனுப்புமானால், அவை முழுக்க வந்து முடிந்த பிறகே அவுட்புட் மதிப்புகள் வரும். அந்த வரிசை தெரியாதவருக்கு மாறி காலியாகத் தோன்றும். தெரிந்தவர் வரிகளை வாசித்து முடித்துவிட்டு விடையைப் பார்ப்பார்.

போஸ்ட்கிரெஸ் நடந்த வழி தனி அழகு. 2005இல் வந்த 8.1 பதிப்பிலிருந்தே அங்கே ஃபங்ஷனுக்கு அவுட் பாராமீட்டர் உண்டு. ஆனால் அழைக்கும்போது அதற்கு எதையும் தர வேண்டியதில்லை. பல அவுட் இருந்தால் அவை ஒரே விடையின் பத்திகளாகிவிடும். பில் எண்ணும் கைத்தொகையும் ஒரு வரியாக வந்து நிற்கும். பலவற்றைச் சொல்லியும் 'விடை ஒன்று' என்ற நெறி உடையவில்லை. ப்ரொசீஜர் அங்கே வந்தது 2018இல், 11ஆம் பதிப்பில். முதலில், உள்ளே வாங்கி வெளியேயும் தரும் இன்அவுட் மட்டும். தனி அவுட் 2021இல், 14ஆம் பதிப்பில். அந்த அவுட்டுக்கு, அழைக்கும் வரியில் ஓர் இடம் விட்டே ஆக வேண்டும்.

ஒரே கமிஷன் கணக்குக்கு நான்கு டேட்டாபேஸ்கள் நான்கு விதமாக நடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு நேர்மை பொது: விடை எங்கே, எப்போது, எந்த நிபந்தனையில் வரும் என்பதை முதலிலேயே வகுத்துவிடுகின்றன. பாராமீட்டர் வரியை நிதானமாக வாசிக்கப் பழகியவர், உள்ளே ஓடும் நூறு வரிகளைப் பார்க்கும் முன்பே எழுதியவரின் எண்ணத்தைப் பாதி அறிந்துவிடுவார்.