பில்தாத்தின் வசனம் நம் சுவரில்

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளின் சுவரிலும் கடைகளின் பெயர்ப்பலகையிலும் அதிகம் காணப்படும் வசனங்களில் யோபு 8:7 ஒன்று. தொடக்கம் எவ்வளவு சிறிதானாலும் பின்னாளில் பெரிதாய் வளரும் என்பது அதன் சாரம். அதைச் சொன்னவர் பில்தாத், யோபைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களில் ஒருவர். அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்புதான், பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பனிடம், அவர்கள் செய்த பாவத்துக்கான பலனையே அவர்கள் அடைந்திருக்கலாம் என்கிறார். நீ சுத்தமானவனாக இருந்தால்தான் இந்த நன்மை வரும் என்று நிபந்தனையும் போடுகிறார். புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில், இந்த மூவரும் தம்மைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுளே கடிந்துகொள்கிறார்.

யோபின் முடிவு நல்லபடியாக அமைந்தது உண்மை. ஆனால் நடுவிலுள்ள அதிகாரங்களைக் கடக்காமல் அந்த முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது, துன்பத்தில் இருப்பவருக்கு நன்மை செய்யுமா?

இந்தக் கேள்வி நாம் வேதம் வாசிக்கும் விதத்தைப் பற்றியது. வீட்டில் தனியாக வேதம் வாசிக்கும் பழக்கம் நம்மிடையே முந்நூறு ஆண்டு பழமையானது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் நிறைவடைந்தது. மேடையில் பேச இடம் கிடைக்காத பெண்களின் கையிலும் கூலி வேலை செய்தவர்களின் கையிலும் அதனால் வேதம் வந்து சேர்ந்தது. இதைவிடப் பெரிய நன்மை ஒன்றை இந்தப் பழக்கத்திடம் நான் கேட்கமாட்டேன். ஆண்டுக்கணக்காக வாசித்துப் பழகியவருக்கு, புத்தகத்தைத் திறக்கவும் முடியாத நாளில் சங்கீதங்கள் தாமே நினைவுக்கு வருகின்றன. மருத்துவமனை வராந்தாவில் உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருக்கும் தாய்மாரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

குறை, வாசிப்பின் அளவு சுருங்கிய இடத்தில் தொடங்குகிறது. புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டை, காலையில் கைபேசிக்கு வரும் வசனப் படம் என்று ஒற்றை வரியே முழு உணவாகிவிட்டது. அந்த வரிகளும் பெரும்பாலும் ஆசீர்வாதத்தையே பேசுகின்றன. நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 அப்படி விரும்பி எடுக்கப்படும் வசனம். பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் அது வருகிறது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், விடுதலைக்கு 70 ஆண்டு ஆகும் என்கிறது அதே கடிதம். கேட்டவர்களில் பெரியவர்கள் ஊர் திரும்பப் போவதில்லை. நீண்ட நோயிலோ தீராக் கடனிலோ இருப்பவருக்கு உண்மையில் உதவக்கூடியது இந்த 70 ஆண்டுப் பொறுமையே. அது எந்த அட்டையிலும் அச்சாவதில்லை.

சங்கீதம் 88ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் முதல் கடைசிவரை முறையீடு. இருளோடு முடிகிறது, ஆறுதலாக ஒரு திருப்பமும் இல்லை. 150 சங்கீதங்களில் இப்படிப் புலம்புகிறவை ஏராளம். இவற்றை வாசிக்காதவர் தன் அழுகையை அவிசுவாசம் என்று எண்ணிக் குற்றவுணர்வில் தவிக்கிறார். “விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகம் வரவில்லை” என்று பார்க்க வருகிறவர்களும் சொல்லிவிட்டால், பில்தாத் மறுபடி அந்த வீட்டுக்குள் வந்துவிட்டார் என்றே பொருள்.

ஒற்றை வசனமே வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். 1939 ஜூனில் பாதுகாப்பாக அமெரிக்காவில் இருந்த ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபரை, குளிர்காலத்துக்கு முன் வரும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய ஒரு வரி நாள் முழுதும் விடவில்லை. அடுத்த மாதமே நாடு திரும்பினார். 1943 ஏப்ரலில் கைதானார், 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் சங்கீதங்களை நாள்தோறும் வாசித்து வந்த ஆண்டுகள் இருந்தன. சிறையில் முதல் ஏழெட்டு மாதங்களுக்குள் பழைய ஏற்பாட்டை இரண்டரை முறை வாசித்து முடித்ததாக நண்பருக்கு எழுதினார். முழு நூலோடும் பழகியவரிடம் ஒரு வரி பேசுவதும், ஒரு வரியை மட்டுமே அறிந்தவரிடம் அது பேசுவதும் ஒன்றல்ல.

மறுகோடியில், ஆண்டுக்குள் முழு வேதத்தையும் முடிக்கும் திட்டங்கள். 1189 அதிகாரங்களுக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு அதிகாரம். படுத்த படுக்கையான மாமியாரைக் கவனிக்கும் மருமகளுக்கு அது கடன்சுமை.

தனிமையும் ஒரு குறை. சீகன்பால்கு பயின்ற ஹாலே நகரின் பக்தி மரபுக்கு வித்திட்ட ஸ்பெனர், 1675இல் வெளியிட்ட நூலில் வீட்டு வாசிப்போடு, பலர் கூடி வாசித்துக் கலந்துபேசுவதையும் கேட்டார். நாம் முதல் பாதியை இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைத் தளரவிட்டோம். குடும்ப ஜெபத்திலும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதோடு சரி. “இது எனக்குப் புரியவில்லை” என்று சொல்ல இடமிருக்கும் வீட்டில்தான் விசுவாசம் துன்பத்தைத் தாங்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

போதகர்களிடம் ஒரு வேண்டுகோள்: துக்க வீட்டுக்குப் போகும்போது சங்கீதம் 88ஐயும் வாசியுங்கள். வாசகரிடம் இன்னொன்று: அடுத்த புத்தாண்டில் உங்கள் கைக்கு வரும் வசனம் எதுவானாலும், அன்றிரவே அந்த அதிகாரம் முழுவதையும் வீட்டில் ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அதைச் சொன்னவர் யார், யாருக்குச் சொன்னார் என்று பாருங்கள்.