படுக்கைப் புண் தடுப்பில் இரண்டு மணி நேர விதி: பயனும் எல்லையும்

தாமே புரண்டு படுக்க இயலாத நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்னும் விதி, செவிலியர் பயிற்சியின் தொடக்கப் பாடங்களுள் ஒன்றாக நெடுங்காலமாக இருந்துவருகிறது. பிட்டத்தின் மேற்பகுதி, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், பின்தலை என எலும்பு புடைத்து நிற்கும் இடங்களில், எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே சதை நசுங்கி, நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபட்டுத் திசு மடிவதே படுக்கைப் புண். மருத்துவ நூல்கள் இதனை அழுத்தக் காயம் என்றும் குறிப்பிடும்.

இவ்விதியின் பெருமையை அதன் வரலாற்றில் வைத்தே அளக்க வேண்டும். தண்டுவடம் சேதமுற்றவரின் தோல் அழுகுவது நரம்புக் கேட்டின் நேரடி விளைவு என்று 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஷார்கோ கருதினார். அக்கருத்து நிலவிய வரை, புண்ணைத் தடுக்க முயல்வதே வீண்வேலையாகத் தோன்றியது. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இரண்டு மணிக்கொருமுறை நோயாளிகளைத் திருப்பச் செய்து, தலைவிதி என்று கைவிடப்பட்டதைப் பணியாளரின் கடமையாக மாற்றினார். வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மரத்துப்போன பாதங்களை ஆராய்ந்து கண்டதும் இதனோடு ஒத்துப்போகிறது: அங்கும் சதையைக் கெடுத்தது பெரும்பாலும் நோயன்று, வலி தெரியாததால் உணரப்படாமல் தொடர்ந்த அழுத்தமே.

ஆயினும் இரண்டு மணி என்னும் அளவு எல்லா உடலுக்கும் எல்லா மெத்தைக்கும் பொருந்தும் இயற்கை விதியன்று. அழுத்தம் மிகுந்தால் குறுகிய நேரத்திலும், குறைந்த அழுத்தமேயானாலும் அது நெடுநேரம் நீடித்தாலும் திசு சேதமுறும் என்பதை 1959-இல் கோசியாக் என்னும் ஆய்வாளர் நாய்களைக் கொண்டு செய்த சோதனை காட்டியது. மெலிந்த முதியவருக்கு இரண்டு மணி நேரமே மிகையாகலாம் என்பது இதிலிருந்து பெறப்படும். மறுபுறம், அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 முதியோர் இல்லங்களில் 942 பேரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வில், இரண்டு, மூன்று, நான்கு மணி இடைவெளிகளுக்கிடையே புண் ஏற்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவர்கள் படுத்திருந்தது அடர்த்தி மிக்க நுரை மெத்தை என்பதை மறந்துவிட்டு, ரெக்சின் உறையிட்டு நடுவில் பள்ளம் விழுந்த நார் மெத்தைக்கு அம்முடிவைப் பொருத்துவது ஆபத்து.

இடரை முன்கூட்டி மதிப்பிட உதவும் மதிப்பெண் அட்டைகளுக்கும் இதே இருமை உண்டு. 1987-இல் வெளியான பிரேடன் அட்டை, உணர்வு, ஈரம், நடமாட்டம், உடலசைவு, உணவு, உராய்வு ஆகிய ஆறையும் தனித்தனியே நோக்கச் செய்து, 6 முதல் 23 வரை மதிப்பெண் தருகிறது. 18-உம் அதற்குக் கீழும் இடருக்கு அடையாளம். கவனிக்க வேண்டியவற்றை ஒழுங்குபடுத்தியது இதன் தொண்டு. கூட்டுத்தொகையையே தீர்ப்பாகக் கொள்வது இதனைப் பயன்படுத்துவோர் செய்யும் தவறு. நாற்காலியிலேயே முடங்கி, உடலைச் சற்றே அசைக்க மட்டும் இயன்ற ஒருவர், மற்ற நான்கிலும் முழு மதிப்பெண் பெற்றால் 19-ஐ எட்டி, கணக்கின்படி இடரற்றவராகிவிடுவார். அவருடைய பிட்டத்துக்கு இந்தக் கணக்கு தெரியாது. அனுபவமுள்ள செவிலியரின் கணிப்பை விட இவ்வட்டைகள் புண்ணைக் கூடுதலாகத் தடுக்கின்றன என்பதும் ஒப்பீட்டு ஆய்வுகளால் தெளிவாக நிறுவப்படவில்லை.

இத்தடுப்பு முறையின் மிகப் பெரிய குறை புண்ணை அடையாளம் காண்பதில் வெளிப்படுகிறது. தோல் கிழியாமல், விரலால் அழுத்தி எடுத்தபின்னும் வெளுக்காத சிவப்பே முதல் நிலை என்று பாடநூல்கள் வரையறுக்கின்றன. வெளிறிய தோலுக்கு இது போதும். மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பும் எளிதில் தெரியாது, அழுத்தியபின் வெளுப்பதும் தெரியாது. அங்கே கண்ணை விடக் கைதான் நம்பத்தக்கது: சுற்றியுள்ள தோலோடு ஒப்பிட்டால் சூடாகவோ குளிர்ந்தோ இருத்தல், கல்போல் இறுகியோ கொழகொழவென்றோ தட்டுப்படுதல், நோயாளி அவ்விடத்தில் வலி சொல்லுதல், தோல் ஊதா கலந்து கறுத்தல் ஆகியவை புண்ணுக்கு முந்தைய குறிகள். எலும்பையொட்டிய ஆழத்தில் தொடங்கும் சேதம் மேற்பரப்புக்கு வரச் சில நாள்கள் ஆகுமாதலால், மேல்தோல் முழுமையாக இருப்பதே நலத்துக்குச் சான்றாகாது. இவ்வளவையும் அறிந்தபின்னும் 'சிவந்துள்ளதா' என்று மட்டும் கேட்கும் படிவத்தைத் தமிழகத்து மருத்துவமனைப் பிரிவொன்று பயன்படுத்துமானால், அது தன் நோயாளிகளின் தோலைப் பாராமலேயே நிரப்பக்கூடிய படிவம்.

வீட்டுப் பராமரிப்பில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. தமிழகத்தில் 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வலிநிவாரணச் சேவையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுவாசலுக்குக் கொண்டுசென்றாலும், இரவில் திருப்பிப் போடுபவர் மகளோ மருமகளோதான். சிவந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும், பிட்டத்துக்கடியில் வளையத் தலையணை வைப்பதும் அன்பினால் செய்யப்படுபவையாயினும், முன்னது நலிந்த திசுவை மேலும் சிதைக்கும், பின்னது வளையத்தின் விளிம்பில் அழுத்தத்தைக் குவிக்கும். உணவூட்டத் தலைப்பக்கத்தை நெடுநேரம் உயர்த்தி வைத்தால் உடல் கீழ்நோக்கிச் சறுக்க, தோல் விரிப்போடு ஒட்டி நிற்க எலும்பு மட்டும் நகர்ந்து இடையிலுள்ள குழாய்களை முறுக்குகிறது; சறுக்கு விசை எனப்படும் இதனை எத்தனை மணிக்கொருமுறை திருப்பினாலும் ஈடுசெய்ய முடியாது. கெண்டைக்காலின் கீழ் நீளவாக்கில் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையில் படாமல் விடுவது, செலவில்லாதது; பரவலாகக் கற்பிக்கப்பட வேண்டியது. வாடகைக்கு வாங்கிய காற்று மெத்தையோ திருப்புவதற்கு மாற்று என்று தவறாக நம்பப்படுகிறது. காற்று குறைந்திருக்கிறதா என்பதை அறிய, உள்ளங்கை மேல்நோக்கியிருக்க மெத்தைக்கடியில், நோயாளியின் பிட்டத்துக்கு நேராகக் கையை நுழைத்துப் பார்க்க வேண்டும். இடையே ஓரங்குலக் கனமும் இல்லாமல் எலும்பு கையில் தட்டுப்பட்டால், அவர் படுத்திருப்பது கட்டில் பலகையின் மீதுதான்.