பின்பக்க டர்போ: ஆறிப்போன புகையின் கணக்கு

டர்போவை இன்ஜினுக்குப் பக்கத்தில் வைக்காமல், காரின் பின்கோடியில், சைலன்சர் இருக்கும் இடத்தில் மாட்டுவது பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்துவந்தேன். ஆதரிப்பவர்கள் சொல்வது: மாட்டுவது எளிது, இன்ஜின் அறை சூடாகாது, இன்டர்கூலர்கூட வேண்டாம். எதிர்ப்பவர்கள் சொல்வது: அவ்வளவு நீளக் குழாய் நிரம்பி பூஸ்ட் வர்றதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். ரெண்டு பக்கமும் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி எது என்று எண்களை வைத்துப் பார்ப்போம். கணக்குக்கு நம்ம காரைக்குடி வெயிலையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1975-இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911 டர்போவிலும் டர்போ பின்னால்தான் இருக்கிறது. ஆனால் அதில் இன்ஜினே பின்னால். டர்போ அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நாம் பேசுவது அதை அல்ல. இன்ஜின் முன்னால், டர்போ மட்டும் மூன்று மீட்டர் தள்ளிப் பின்னால். இதைப் பெரிய அளவில் பிரபலப்படுத்தியது 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்து கிட் விற்ற ஸ்குவயர்ஸ் டர்போ சிஸ்டம்ஸ். கமாரோ, கார்வெட் மாதிரி 5.7 லிட்டர் வி8 கார்கள்தான் அதற்கு முக்கிய வாடிக்கை. இந்த 5.7 லிட்டர் என்பதை மறக்க வேண்டாம். கடைசியில் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும்.

வரவுப் பக்கத்தை முதலில் எழுதுவோம். பெரிய வி8 இன்ஜின் உட்கார்ந்த அறையில் டர்போவை நுழைக்க இடமே இருக்காது. தனி மேனிஃபோல்டு செய்ய வேண்டும், பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக், ரப்பர், வயர் எல்லாவற்றுக்கும் வெப்பத்தடுப்பு கட்ட வேண்டும். பின்னால் வைத்தால் இந்தத் தலைவலி இல்லை. முன்பக்கம் கனமான காரில் பின்சக்கரத்தின் மேல் கொஞ்சம் எடை கூடுவதும் நல்லதுதான். டர்பைனே சத்தத்தை ஓரளவு அடக்குவதால் சைலன்சரைக் கழற்றிவிடலாம். அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு: கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் டர்போவுக்கு முன்னால், தன் பழைய இடத்திலேயே இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது சீக்கிரம் சூடேறி வேலை செய்யும். முன்பக்க டர்போவில் புகையின் முதல் சூட்டை டர்போவே குடித்துவிடுகிறது.

இனி பற்றுப் பக்கம். ஆதரவாளர்களின் முக்கியமான வாதம் இது: ‘பின்னால் வரும்போது புகை குளிர்ந்து அடர்த்தியாகிறது. அளவு சுருங்குவதால் சின்ன டர்பைன் வைத்தால் போதும். உள்ளே போன காற்று அவ்வளவும் வெளியே வருகிறது, ஆகவே எதுவும் நஷ்டமில்லை.’

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் நிறையையும் ஆற்றலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டி அடுப்படி கடைசியில். புகையும் அனலும் முன்கட்டுக்கு வராது, நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே இறக்கிய குழம்பு முகப்புக்கு வருவதற்குள் ஆறிப்போகும். குழம்பு ஒரு கரண்டிகூடக் குறையவில்லை, சூடுதான் குறைந்தது. டர்பைன் தின்பது குழம்பை அல்ல, அந்தச் சூட்டை.

எண்ணில் சொல்கிறேன். முன்பக்க டர்போவுக்கு வரும் புகை 850 டிகிரி, பின்பக்கம் போய்ச் சேரும்போது 500 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. குழாயைச் சுற்றி வெப்பத்துணி கட்டினால் பின்பக்க எண் ஏறும். டர்பைன் எடுக்கும் வேலை கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதம். 1123 கெல்வின் 773 ஆகிறது. அதே அழுத்தத்தில் 31 சதவீத வேலை போயே போச்சு.

அந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஒரே வழி, சின்ன டர்பைன் வைத்து அதற்கு முன்னால் அழுத்தத்தைக் கூட்டுவது. ஆக, சின்ன டர்பைன் போதும் என்பது சலுகை இல்லை, அபராதம். எவ்வளவு அபராதம்? வெளிக்காற்று 40 டிகிரி (வைகாசியில் இங்கே அது சர்வ சாதாரணம்), கம்ப்ரஸர், டர்பைன் இரண்டின் திறனும் 70 சதவீதம், வெளியேறும் புகை வளிமண்டல அழுத்தத்துக்கே போகிறது என்று வைத்துப் போட்டேன்.

0.5 பார் பூஸ்ட், அதாவது சுமார் 7 பி.எஸ்.ஐ.: இன்ஜினுக்குள் போகும் காற்றின் முழு அழுத்தம் 1.5 பார். டர்பைனுக்கு முன்னால் தேவைப்படும் அழுத்தம், முன்பக்க டர்போவில் 1.29 பார், பின்பக்க டர்போவில் 1.45 பார்.

1.5 பார் பூஸ்ட்: உள்ளே போவது 2.5 பார். முன்பக்க டர்போவில் தேவை 1.9 பார், பின்பக்கத்தில் 2.65 பார்.

இந்த இரண்டாவது வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குறைந்த பூஸ்ட்டில், உள்ளே தள்ளும் அழுத்தத்தைவிட வெளியே தடுக்கும் அழுத்தம் பின்பக்க டர்போவிலும் குறைவாகவே இருக்கிறது. மயிரிழைதான், ஆனாலும் பாஸ். பூஸ்ட்டை ஏற்றும்போது நிலைமை தலைகீழாகிறது. வெளியே தடுப்பது, உள்ளே தள்ளுவதைத் தாண்டிவிடுகிறது. எரிந்த புகை சிலிண்டரிலேயே தங்கும். சூடான மிச்சப்புகை பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங்குக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும். பின்பக்க டர்போவுக்கு அப்புறம் குழாயே இல்லை என்ற சலுகை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று மீட்டர் குழாயின் உராய்வு அதற்கு முன்னாடியே வந்துவிடுகிறதே!

இப்போது எதிர்ப்பவர்கள் பக்கம். ‘குழாய் நிரம்ப நேரமாகும்’ என்பது எவ்வளவு உண்மை? பின்னாலிருந்து முன்னால் வரும் காற்றுக்குழாய் 3 மீட்டர் நீளம், 63 மில்லிமீட்டர் உள்விட்டம் என்றால் கொள்ளளவு சுமார் 9.3 லிட்டர். அதை 0.5 பாருக்கு ஏற்ற, கூடுதலாக 4.7 லிட்டர் காற்று வேண்டும். 5.7 லிட்டர் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.-இல் வினாடிக்கு சுமார் 142 லிட்டர் இழுக்கிறது. அந்த ஓட்டத்துக்கு 4.7 லிட்டர் என்பது 0.03 வினாடி. கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஆக அந்தக் கேலி இந்த இன்ஜின்களுக்குப் பொருந்தாது.

ஆனால் ஒரு லிட்டர் இன்ஜினைப் போட்டுப் பாருங்க. 2000 ஆர்.பி.எம்.-இல் அது இழுப்பது வினாடிக்கு 17 லிட்டர்தான். குழாயை 50 மில்லிமீட்டராகக் குறைத்தாலும் 3 லிட்டர் கூடுதல் காற்று வேண்டும், சுமார் 0.18 வினாடி. அதுவும் டர்போ ஏற்கெனவே முழு வேகத்தில் சுழல்கிறது என்று வைத்து. அது சுழல ஆரம்பிப்பதில்தான் உண்மையான தாமதம். மெதுவாகப் போய்க்கொண்டிருந்த காரில் திடீரென்று மிதித்தால், முதலில் வரும் சூட்டை ஆறிக்கிடக்கும் மூன்று மீட்டர் இரும்புக் குழாய் விழுங்கிவிடும். ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனியாக அடிக்கும் புகைத் துடிப்புகளும் அத்தனை தூரத்தில் மழுங்கிப்போகும். எதிர்ப்பவர்கள் முடிவில் சரி, காரணத்தில் தப்பு.

‘இன்டர்கூலர் வேண்டாம்’ என்பது அடுத்தது. அதே 40 டிகிரி காற்று 0.5 பார் பூஸ்ட்டில் சுமார் 95 டிகிரியாகிறது. காற்றுக்குழாயின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 0.6 சதுர மீட்டர். தாராளமாகக் கணக்குப் போட்டாலும் கூடிய சூட்டில் பத்தில் ஒன்று, அல்லது கொஞ்சம் கூட, இதில் வெளியேறும். 1.5 பாரில் காற்று 170 டிகிரியைத் தாண்டுகிறது. அங்கே இன்டர்கூலர் இல்லாமல் பேசவே முடியாது. அதுவும் இந்தக் குழாய் ஓடுவது எரியும் தார்ச்சாலைக்கு மேலே, புகைக்குழாய்க்குப் பக்கத்தில்.

ஆயில் விஷயம் பலருக்கும் கடைசியில்தான் ஞாபகம் வரும். வழக்கமான டர்போ ஆயில் பேனுக்கு மேலே இருப்பதால் ஆயில் தானாக வடிந்து இறங்கும். பின்பக்க டர்போ பேனைவிடத் தாழ்ந்தோ சமமாகவோ தொங்குகிறது. ஆயிலைத் திருப்பி அனுப்ப மின்சார பம்பு ஒன்றும், காரின் அடியில் போக ஒன்று வர ஒன்றாக நீளக் குழாய்களும் வேண்டும். பம்பு நின்றால் ஆயில் சீல்களைத் தாண்டிக் கசிந்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும். குழாயில் ஒரு கல் பட்டு உடைந்தால் இன்ஜின் ஆயில் முழுக்க ரோட்டில்.

இனி நம்ம ஊர். கம்ப்ரஸர் பின்னால் இருப்பதால் ஏர் ஃபில்டரும் பெரும்பாலும் பின்னால்தான், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில். செட்டிநாட்டுச் செம்மண் புழுதியை அந்தச் சக்கரமே கிளப்பி அந்த ஃபில்டருக்கே ஊட்டும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து சாலையில் தண்ணீர் நின்றால், நூற்றுக்கணக்கான டிகிரியில் காய்ந்த வார்ப்பிரும்பு உறை நேராகத் தண்ணீரில் இறங்கும். விரிசல் விட வேறென்ன வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலே, ஊருக்குள் இருக்கிற வேகத்தடைகள். துருவை ஆராய்வதையும் தன் வேலையாகக் கொண்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் ஊர் இது. நனைந்து காய்ந்து நனையும் சூடான இரும்புக்கு என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கார் கம்பெனிகள் எந்தத் திசையில் போகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2013-இல் மறைமலைநகரில் இருந்து வெளிவந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டு, டர்போ நேராக அதில் மாட்டப்பட்டிருந்தது. பி.எம்.டபிள்யூ 2008-இலேயே வி8 இன்ஜினின் இரண்டு வரிசைக்கும் நடுப்பள்ளத்தில் டர்போக்களை வைத்தது. 2024-இல் அறிமுகமான கார்வெட் இசட்.ஆர்.1-இல் டர்போ உறையும் மேனிஃபோல்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. பின்பக்கக் கிட்டுகள் எந்தக் காரை நம்பிப் பிழைத்தனவோ, அதே பெயர் கொண்ட கார், கம்பெனியே டர்போ வைத்தபோது அதைப் புகைவழிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வைத்தது. இடம் பற்றாக்குறை என்ற கட்டாயம் இல்லாத எவரும் டர்போவைப் பின்னால் தள்ளவில்லை.

ஆகவே என் முடிவு இது. பின்பக்க டர்போ மோசடி அல்ல. பெரிய இன்ஜின், குறைந்த பூஸ்ட், இடமில்லாத இன்ஜின் அறை, நல்ல சாலை: இந்த நாலும் சேர்ந்தால் அது புத்திசாலித்தனமான சமரசம். ஆனால் அதை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பெயரில் விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பூஸ்ட் ஏற ஏறத்தான் அது தோற்கிறது. இன்ஜின் சிறுக்கச் சிறுக்கத்தான் தாமதம் கூடுகிறது. நம் ஊரில் ஓடுவதோ பெரும்பாலும் 1, 1.2 லிட்டர் கார்கள். வீடியோவில் பார்த்த கமாரோவின் கணக்கு இந்தக் கார்களுக்குச் செல்லாது.

சட்டமும் நினைவில் இருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆகவே பொதுச்சாலைக் காரில் இதைச் செய்து பார்க்க நினைக்கும் தம்பிகள் முதலில் ஆர்.சி. புக்கையும் இன்சூரன்ஸையும் எடுத்துப் படிக்கணும். டிராக்குக்கு மட்டும் போகிற கார் என்றால், கிட் விற்பவரிடம் மூன்று எண்கள் கேளுங்கள்: டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் எவ்வளவு, அங்கே புகையின் வெப்பநிலை எவ்வளவு, 2500 ஆர்.பி.எம்.-இல் மிதித்தால் முழு பூஸ்ட் வர எத்தனை வினாடி. குதிரைசக்தியை மட்டும் சொல்லி இந்த மூன்றையும் சொல்லாதவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.