மேடைக்குக் கீழே நிற்கும் தப்பு

கலை நிகழ்ச்சிகளுக்கு மதிப்பெண் இடுவது எளிய வேலை என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். மூன்று நாற்காலிகள், ஒரு மணி, அச்சிட்ட தாள். தாளிலே குரல், பாவம், ஒப்பனை, நேரக் கட்டுப்பாடு என்று கட்டங்கள். கட்டங்களை நிரப்பிக் கூட்டிவிட்டால் கலையின் தரம் தெரிந்துவிடுமாம்! ராகலையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் பொங்கல் விழாவோ, கோயில் திருவிழாவோ, மேதினமோ, பள்ளிக்கூடத்துத் தமிழ்மொழித் தினமோ எது வந்தாலும் ஒரு சிறிய மண்டபத்து மேடையில் கரகம், காவடி, கும்மி, கோலாட்டம், சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், பலகுரல், நகைச்சுவைத் துணுக்கு, பத்து நிமிடத்துக்குள் அடக்கப்பட்ட காமன் கூத்து ஆகிய யாவும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. மேலைநாட்டார் 'வோட்வில்' என்று அழைத்த கதம்ப மேடைக்கு நம் மலையகத்தில் உள்ள உருவம் இதுதான். நடுவர் நாற்காலியில் அமர்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். ஆகவே அவர்களை நோக்கியே இதனை எழுதுகிறோம்.

தராசு என்னும் சொல்லுக்கு மலையகத்தில் தனி வரலாறு உண்டு. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்து எழுதுவதைப் பற்றித் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக முறையிட்டு வந்துள்ளனர். பகலெல்லாம் பறித்தவளுடைய உழைப்பில் ஒரு பகுதி புத்தகத்தில் ஏறாமலே போய்விடும். மாலையில் மண்டபத்துக்கு வந்தால் அங்கேயும் அவளுடைய பிள்ளையின் கலையில் ஒரு பகுதி தாளில் ஏறாமலே போகின்றது. கழிக்கப்படுவது எது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

காமன் கூத்தை எடுத்துக்கொள்வோம். மாசி மாத வளர்பிறையிலே கம்பம் ஊன்றி, பௌர்ணமியையொட்டித் தகனத்தில் முடிகின்ற கூத்து இது. வேடம் ஏற்பவர்கள் விரதம் காப்பர். லயத்து மக்கள் யாவரும் ஏதேனும் ஒரு வகையில் அதில் பங்கு கொள்வர். பார்வையாளர், நடிகர் என்ற பிரிவு அங்கே முழுமையாக இல்லை. இரவு முழுவதும் ஆடப்படுவதைப் பத்து நிமிடத்துக்குள் சுருக்கியதே குற்றம் என்று நாம் கூறவில்லை. சுருக்கம் கலைக்குப் பகையன்று; தெருக்கூத்திலிருந்து நவீன நாடகம் வரை யாவும் சுருக்கத்தால் வளர்ந்திருக்கின்றன. சுருக்கும்போது எதனை விட்டார்கள், எதனை வைத்துக்கொண்டார்கள் என்பதிலேதான் திறனாய்வு தொடங்குகிறது.

பெரும்பாலான குழுக்கள் வைத்துக்கொள்வது தகனத்தை. சிவந்த விளக்கு, புகை, நெற்றிக்கண், ஒரு பெரும் அலறல், கைதட்டல். 'மேடை அமைப்பு' என்னும் கட்டத்தில் முழு மதிப்பெண் விழுந்துவிடுகிறது. விட்டுவிடுவதோ ரதியின் புலம்பலை. லயத்துப் பெண்கள் விழித்திருந்து கண்ணீர் விடுவது அந்தப் புலம்பலுக்கே என்பதை அறியாத நடுவர் அதைத் தாமதம் என்று எண்ணி மணியடிக்கிறார். இன்னொன்றும் உண்டு. காமன் தானாகப் போய்ச் சிவனுடைய தவத்தைக் கலைத்தவன் அல்லன். மேலே இருந்தவர்கள் ஏவினார்கள், அவன் போனான். வேலையை முடித்தவன் சாம்பலானான். ஏவியவர்களுக்குச் சிறு காயமும் இல்லை. மலையேறி வந்த நாள் முதலாகப் பிறர் ஏவலுக்குச் சென்று எரிந்த மக்கள் இந்தக் கதையை ஏன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஏவலாள் எரிகிறான் என்ற உணர்வை ஒரு குழு பத்து நிமிடத்துக்குள் மேடைக்குக் கொண்டுவந்து விடுமானால், அதன் புகை சற்றுக் குறைவாய் இருந்தாலும் முதற்பரிசு அதற்கே உரியது. கம்பம் சாய்ந்துவிட்டது, மீசை கழன்றுவிட்டது என்பனவெல்லாம் பிறகு பார்க்கத்தக்கவை.

மொழிக்கு வருவோம். இங்கே நடைபெறும் அநீதி வெளிப்படையானது. தோட்டத்துப் பிள்ளை தன் தாயின் பேச்சிலே ஒரு துணுக்கைப் பேசினால் 'உச்சரிப்பு' என்ற கட்டத்திலே கழிவு. அதே பிள்ளை வானொலியிலோ சினிமாவிலோ கேட்ட குரலைப் பூசிக்கொண்டு பேசினால் பாராட்டு. பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் கற்றுத் திரும்பிய ஆசிரியர்கள் இதைச் செய்யும்போது நமக்கு வருத்தம் மிகுதி. 'பிரட்டு', 'கங்காணி', 'பேர் போடுதல்' என்ற சொற்களோடு வாழ்கின்ற மக்களின் நாடகத்தில் வேறு எந்தச் சொற்கள் வர வேண்டும்? சி. வி. வேலுப்பிள்ளை தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக 1983இல் தந்தார். மக்கள் பாடியதைப் பாடியபடியே தாளில் ஏற்றுவது அத்தொகுப்பின் பணி. இலக்கணத் திருத்தம் செய்ய முற்பட்டிருந்தால் அந்நூல் நமக்குக் கிடைத்திராது. நூலகத்தில் அதைப் போற்றுவதும் மேடையில் அதே பேச்சுக்கு மதிப்பெண்ணைக் குறைப்பதும் எப்படிப் பொருந்தும்?

கொழுந்து நடனம் என்றொன்று உண்டு. பட்டுச் சேலை, சிறு கூடை, இடைவிடாத புன்னகை. கூடைக் கயிறு நெற்றியில் பதிந்த தழும்பு எங்கே? மழைக்குப் போர்த்திய கொங்காணி எங்கே, இடுப்பிலே சுற்றிய படங்கு எங்கே? சுற்றுலாப் பயணிக்கு விற்கும் தேயிலைப் பெட்டியின் மேல் அச்சடித்த பெண்ணே இந்த மேடையில் இறங்கி ஆடுகிறாள். ஆடுகின்ற சிறுமிகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுக்கு அதைப் பயிற்றியவர்களையும், அதற்கு முதற்பரிசு கொடுத்தவர்களையுமே கேட்கிறோம். இதற்கு மாறாக, மண்டபத்தில் எத்தனையோ முறை காணக்கிடைக்கும் ஒரு காட்சி: கணக்கப்பிள்ளை நிறுவைக்கு வந்து நிற்பதை ஒரு சிறுவன் தோளை அசைத்து, பென்சிலைக் காதில் செருகிக் காட்டுகிறான், அடுத்த கணமே மண்டபம் முழுவதும் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பிலே பகையும் அறிவும் கலந்திருக்கின்றன. இதற்குத் தாளில் கட்டமே இல்லை.

சிரிப்பு எல்லாமே நல்லதென்று சொல்லிவிடக் கூடாது. குடிகார அப்பனின் தள்ளாட்டம், கறுத்த பெண்ணின் நிறம், சிங்களக் கடைக்காரர் பேசும் தமிழ், திக்குவாய், குறத்தியின் இடுப்பு ஆகியவற்றை வைத்துக் கைதட்டல் வாங்கும் துணுக்குகள் மிகுதி. மேலே இருப்பவனைக் கண்டு நகைக்கும் துணிவு இல்லாதவன் பக்கத்து லயத்தானைக் கண்டு நகைக்கிறான். இங்கே நடுவர் கடுமையாய் இருத்தல் வேண்டும். மக்கள் கலை என்ற பெயரால் மக்களிடையே உள்ள இழிவையும் சேர்த்துப் பாராட்டுவது முற்போக்காகாது.

சினிமாவைப் பற்றி ஒரு சொல் போதும். கண்டியிலே 1917இல் பிறந்த எம். ஜி. ஆரைத் தம்முடையவர் என்று கொண்டாடிய மக்கள் இவர்கள். சினிமாப் பாட்டு அவர்களுக்கு அந்நியமன்று. அதைப் பிரதி எடுத்தார்களா, தம் வாழ்வை அதற்குள் புகுத்தினார்களா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அப்படியானால் நடுவரே வேண்டாம், மக்களே தீர்ப்புக் கூறட்டும் என்பார் சிலர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களின் அப்பல்லோ அரங்கிலே 1934 முதல் அம்முறை நடந்து வந்திருக்கிறது. புதியவர்கள் மேடை ஏறுவர். கூட்டத்தின் ஆரவாரமே தீர்ப்பு. பிடிக்காதவரை மேடையிலிருந்து விரட்ட ஒரு கோமாளியும் உண்டு. அந்த ஆண்டிலே ஆடுவதற்கென்று வந்த பதினேழு வயதுப் பெண்ணொருத்தி, தனக்கு முன் ஆடியவர்களின் திறமையைக் கண்டு அஞ்சி, ஆடாமல் பாடினாள். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் என்னும் பெரும் பாடகியை உலகம் பெற்றது அவ்வாறே. எனினும் அந்தக் கூட்டம் நீண்ட நாள் கேட்டுப் பழகிய காதுகளை உடையது. நம் மண்டபத்திலோ கூட்டத்தில் பாதிப்பேர் தத்தம் தோட்டத்துப் பிள்ளைக்குக் கைதட்ட வந்தவர்கள். ஆகையால் நடுவர் வேண்டும். அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி அமராமல் ஒரு கண்ணையாவது அதன்மேல் வைத்திருக்க வேண்டும். எந்த இடத்தில் முதியவர்கள் அசைந்து அமர்ந்தார்கள், எந்த இடத்தில் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு ஒரு தாய் எழுந்து நின்று பார்த்தாள் என்பன சான்றுகள் அல்லவா?

இறுதியாக ஒன்று, இதுவே நம் உள்ளத்தை மிகவும் உறுத்துவது. கரகத்துக்கும் காவடிக்கும் காமன் கூத்துக்கும் உயிர் தப்பு. விடியற்காலையில் மக்களை வேலைக்கு எழுப்பிய பிரட்டுத் தப்பும், அவர்களுக்குச் சொந்தமான இரவில் ஆட்டத்தை எழுப்பிய தப்பும் ஒரே தோல்தான். அதை அடிப்பவர்களோ மேடையின் கீழே, ஒரு மூலையில், தோலைக் காய்ச்சுவதற்கு மூட்டிய தீயின் அருகே நிற்கிறார்கள். ஒலிபெருக்கியில் ஆடியவர்களின் பெயர் வருகிறது, பயிற்றிய ஆசிரியரின் பெயர் வருகிறது, பொன்னாடை போர்த்திய பிரமுகரின் பெயர் மூன்று முறை வருகிறது. தப்படித்தவர்களின் பெயர் வருவதில்லை. கப்பலேறி வந்தபோது கூடவே வந்த சாதி, லயத்து வரிசைகளில் தங்கிவிட்டது போலவே மேடையிலும் தங்கிவிட்டது. தமிழகத்தில் பறையை மேடையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தும் இயக்கம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. மலையகத்தின் இருநூறு ஆண்டு வரலாற்றை நாம் 2023இல் நினைவுகூர்ந்தபோது மேடைதோறும் தப்பு ஒலித்தது. அதை அடித்த கைகளை எத்தனை மேடைகள் பெயர் சொல்லி அழைத்தன?

அடுத்த முறை ராகலை மண்டபத்தில் நடுவராக அமரும் ஆசிரிய நண்பர்கள் நிகழ்ச்சி தொடங்குமுன் அமைப்பாளரிடம் இரண்டு காரியங்களைக் கேட்டுப் பெறலாம். தப்படிப்போர் மேடையின் மேலே, ஆடுவோருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மதிப்பெண் தாளில் அவர்களுக்கென ஒரு கட்டம் வேண்டும். தாள் ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்று பதில் வந்தால், ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் வரைந்துகொள்ள அரை நிமிடம் போதும்.