பிரிட்ஜ் கேட்காத டோஃபு: மலைச் சமையலறையில் ஒரு சோதனை

போளூரிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூரையும் தாண்டிவிட்டால் பனீரோ சாதாரண டோஃபுவோ வாங்கி வைப்பது வீண்செலவு. கரண்ட் போனால் பிரிட்ஜும் ஓய்ந்துவிடும். பிரிட்ஜே இல்லாத வீடுகளும் உண்டு. மளிகைச் சாமானோடு மாதக்கணக்கில் கிடக்கும் டெட்ரா பேக் டோஃபுவை ஜவ்வாது மலையில் சமைத்துப் பார்த்தது அதனால்தான்.

கெட்டுப்போகாமல் இருக்க இதில் பதப்படுத்தும் மருந்து எதுவும் சேர்ப்பதில்லை. சோயாப்பாலைச் சில நொடிகள் மிக அதிகச் சூட்டில் காய்ச்சிக் கிருமி நீக்கி, ஆறவைத்து, குளுக்கோனோ டெல்டா லாக்டோன் என்ற உறைபொருளைக் கலந்து, காற்றும் வெளிச்சமும் புகாத பெட்டியில் அடைக்கிறார்கள். பிறகு பெட்டியோடு சூடேற்றினால், புரை ஊற்றிய பால்போல உள்ளேயே உறைந்துகொள்கிறது. ஜப்பானின் மொரினாகா நிறுவனம் 1970களின் இறுதியில் உருவாக்கிய முறை இது. ஜப்பானிலேயே இதைக் குளிர்பெட்டிக்கு வெளியே வைத்து விற்க 2018இல்தான் விதி மாறியது.

இதைப் பிழிந்து தண்ணீர் எடுப்பதில்லை. அதனால் 'கெட்டி' என்று அச்சிட்ட பெட்டியிலும் இருப்பது வழுவழுப்பான கட்டிதான். துண்டு போட்டு எண்ணெயில் வறுத்தேன். கரண்டி பட்டதும் உடைந்தது, ஈரம் எண்ணெயில் தெறித்தது. பனீர் வறுவலை மனத்தில் வைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். உதிர்த்துவிட்டு வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள்தூள், கறிவேப்பிலையோடு பொடிமாஸ் செய்தபோதுதான் ருசித்தது. தண்ணீர் சுண்டும்வரை அடுப்பை நன்றாக எரியவிட வேண்டும், உப்பைக் கடைசியில் போட வேண்டும். சூடான சாமைச்சோற்றில் பிசைந்தால் இரண்டும் அருமையாகச் சேர்கின்றன. மிளகு ரசத்தில் இறக்கும் நேரத்தில் போட்டதும் நன்றாகவே இருந்தது. பச்சைச் சோயா வாடை மிகக் குறைவு.

இனிக் கணக்கு. 100 கிராமில் சுமார் 7 கிராம் புரதம். 349 கிராம் பெட்டி முழுவதும் சாப்பிட்டால் 24 கிராம் வரும். 4 முட்டையில் அவ்வளவு இருக்கிறது. 100 கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம். உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராம் போதும், அதற்கும் பிரிட்ஜ் வேண்டாம். விலையை வைத்துப் பார்த்தால் இறக்குமதி டோஃபு இவற்றின் பக்கத்தில்கூட நிற்காது. கொள்ளும் மொச்சையும் விளையும் மலையில், அன்றாடப் புரதத்துக்கு இதைச் சிபாரிசு செய்ய என் மனம் ஒப்பவில்லை.

ஆனாலும் இதற்கு ஓர் இடம் உண்டு. ஊறவைக்க நேரமில்லை, குக்கர் இல்லை, முட்டை சாப்பிடுவதில்லை என்பவர்களுக்கும், மெல்ல முடியாத முதியவர்களுக்கும் இது கைகொடுக்கும். பிரித்த பிறகு மட்டும் வழக்கமான டோஃபுதான்: பிரிட்ஜ் இல்லையென்றால் அந்த வேளையிலேயே தீர்த்துவிட வேண்டும். தனியாள் ஒரு பெட்டியை முடிப்பது சிரமம். இருவருக்குச் சரியாக இருக்கும்.

அவசரத்துக்கு இரண்டு பெட்டி வாங்கி வைக்கலாம், மாத மளிகைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பது என் தீர்ப்பு. காவலூர் வானாய்வகம் பார்க்கவோ காட்டுக்குள் நடக்கவோ வருகிறவர்கள் தாராளமாகக் கொண்டுவரலாம். காகிதம், பிளாஸ்டிக், அலுமினியம் மூன்றும் ஒட்டிய பெட்டி மண்ணில் மக்காது. காலிப் பெட்டியை மடித்துப் பையில் வைத்து, கீழே ஊருக்கே எடுத்துப்போய்விடுங்கள்.