இருந்தவர் எழுத்தும் போனவர் எழுத்தும்

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல். 1923 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் அங்கே இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். 16ஆம் தேதி கி. ராஜநாராயணன், 23ஆம் தேதி கு. அழகிரிசாமி. ஒரே ஊர்ப் புழுதி, ஒரே சிநேகிதம், ஒரே சங்கீதப் பைத்தியம். அழகிரிசாமி இளம் வயதிலேயே சென்னைக்குப் பிழைக்கப் போனார். 1952இல் கோலாலம்பூருக்குப் போய்த் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். 1957இல் சென்னைக்குத் திரும்பியவர் 1970இல் இறந்துபோனார், வயது 46. ராஜநாராயணன் ஊரிலேயே இருந்தார். விவசாயம் பார்த்தார், கம்யூனிஸ்ட் கட்சி வேலை பார்த்தார், சாவகாசமாக எழுத வந்தார். போனவர் எழுதிய கடிதங்களை இருந்தவர் பத்திரமாக வைத்திருந்தார். அவை பிறகு நூலாயின.

இந்த இருவரையும் வைத்துச் சுலபமாக ஒரு சூத்திரம் போட்டுவிடலாம். ஊரில் இருந்தவர் மண்ணை எழுதினார், போனவர் நகரத்தை எழுதினார் என்று. வட்டார இலக்கியம் பற்றிய நம்முடைய கருத்தரங்கக் கட்டுரைகளில் பாதி இந்தச் சூத்திரத்தில்தான் ஓடுகின்றன. பேச்சுவழக்கு என்பது ஏதோ தாசில்தார் தரும் இருப்பிடச் சான்றிதழ் போல. புத்தகங்களைத் திறந்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

அழகிரிசாமியின் 'குமாரபுரம் ஸ்டேஷன்' கதையை எடுத்துக்கொள்வோம். கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு ரயில் நிலையம். ஏற ஆளில்லை, இறங்க ஆளில்லை. ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்க்க வந்த படித்த நண்பருக்கு, இந்த அத்துவானத்தில் இதை எதற்குக் கட்டினார்கள் என்றுதான் தோன்றுகிறது. அவர் ஏறும் ரயிலில் கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்குப் பரீட்சை எழுதப் போகும் கிராமத்துப் பையன்களும் ஏறுகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் நடக்கும் சாதாரணப் பேச்சுதான் கதை. முடியும்போது அந்த ஸ்டேஷன் வேறொன்றாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது. மெட்ராஸுக்கும் மலாயாவுக்கும் போகும் பாதை அங்கேதான் தொடங்குகிறது என்று கதையில் யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பாதையில் போன ஒருவர்தான் இதை எழுதியிருக்க முடியும். ஊரிலேயே இருப்பவனுக்கு ஸ்டேஷன் என்பது ரயில் நிற்கிற இடம், அவ்வளவுதான்.

இந்தப் பக்கம் ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976). மண்ணின் நாவல் என்று அதைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் நாவலின் நடுக்கூடத்தில் இருப்பது ஒரு தப்பியோட்டம். ஒரு பெண்ணைக் காப்பாற்றுவதற்காகத் தெலுங்கு தேசத்திலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பிய கூட்டம், ஆறு கடந்து, காடு கடந்து தெற்கே வருகிறது. காட்டுக்குத் தீ வைத்து, எரிந்த நிலத்தைத் திருத்தி ஊர் அமைக்கிறது. மங்கத்தாயாரு அம்மாள் என்ற நூறு வயது தாண்டிய கிழவி அதைச் சொல்லச் சொல்லச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்கிறார்கள். பூர்வீகம் என்று நாம் கொண்டாடுகிற ஊர், சில தலைமுறைக்கு முன்னால் போக்கிடம் இல்லாதவர்கள் வந்து ஒதுங்கிய இடம். இதை எழுதியவர் ஊரைவிட்டு நகராதவர் என்பதுதான் வேடிக்கை. அவரும் கடைசிவரை நகராமல் இல்லை. 1989இல், 66 வயதுக்கு மேல், புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராகப் போனார். அதன்பிறகு 2021 மே மாதம் இறக்கும்வரை புதுச்சேரிதான். உடலைத்தான் இடைசெவலுக்குக் கொண்டுவந்தார்கள். கரிசலின் பிரதிநிதி தன் வாழ்நாளின் மூன்றில் ஒரு பங்கைக் கடற்கரை நகரம் ஒன்றில் கழித்திருக்கிறார். அதனால் அவர் கரிசலுக்கு எந்த வகையில் குறைந்துபோனார்?

ஆக, தங்கினாரா போனாரா என்பதை வைத்து எழுத்தாளரைப் பிரிப்பதில் பயனில்லை. வேறொரு பிரிவினை இருக்கிறது. போனவருடைய ஊர் ஏதோ ஓர் ஆண்டோடு நின்றுவிடுகிறது. இருந்தவருடைய ஊர் நிற்பதே இல்லை. தமிழ்ப் புனைகதையில் ஊர்ப்பாசம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் இந்த இரண்டு வெவ்வேறு சரக்குகளை.

நின்றுபோன ஊர்களில் மிகச் செழிப்பானது நாஞ்சில் நாடனுடையது. வீரநாராயணமங்கலத்தில் பிறந்தவர் 1972இல் பம்பாய்க்கு வேலைக்குப் போனார், பிறகு கோவைக்கு வந்தார். முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' (1977) பம்பாய்க் காலத்தில் வந்தது. நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியில் எந்தக் கறிக்குப் பின்னால் எந்தக் கறி வரும் என்ற வரிசைகூட அவர் எழுத்தில் பிசகாது. இப்படித் துல்லியமாக நினைவு வைத்திருப்பது பசித்தவன் குணம். தினமும் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவன் வரிசையைக் கவனிப்பதில்லை. 'மிதவை' (1986) அதே மனிதரின் மறுபக்கம். படித்த பையன் வேலைக்காகச் சென்னை, பம்பாய் என்று அலைகிறான், எங்கும் வேர் பிடிக்கவில்லை. அவருடைய நாவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதில் ஊர் ஏக்கம் இல்லை, ஊரும் ஒரு சுமை என்ற எரிச்சல் இருக்கிறது.

அசோகமித்திரன் 1952இல் செகந்தராபாத்தை விட்டார். அந்த ஊரின் 1947, 1948ஆம் ஆண்டுகளைப் பற்றிய '18வது அட்சக்கோடு' வந்தது 1977இல். தோப்பில் முஹம்மது மீரான் தேங்காய்ப்பட்டணத்தை எழுதியது திருநெல்வேலியில் வியாபாரம் பார்த்துக்கொண்டு. ப. சிங்காரம் விஷயம் இன்னும் விசித்திரம். சிங்கம்புணரிக்காரர். 1938இல் சுமத்ராவின் மேடானுக்குப் போனவர், போர் முடிந்தபின் திரும்பிவந்தார். 'புயலிலே ஒரு தோணி' (1972) நாவலின் பாண்டியன், சுமத்ராவில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்துச் சந்தையையும் மனதுக்குள் நடந்து தீர்க்கிறான், கடைசியில் திரும்பாமலே சாகிறான். பாத்திரம் திரும்பவில்லை, ஆசிரியர் திரும்பினார். திரும்பி, மதுரையில் நாளிதழ் வேலையில் சேர்ந்து, ஒய்.எம்.சி.ஏ. அறையில் ஒண்டிக்கட்டையாகப் பல பத்தாண்டுகள் இருந்துவிட்டு 1997இல் போய்ச் சேர்ந்தார். மூன்றாவது நாவல் எழுதவே இல்லை. ஊர் திரும்பியவர்களைப் பற்றி நம்மிடம் ஏன் பெரிய நாவல் இல்லை என்று கேட்பவர்களுக்கு அந்த அறையைக் காட்டலாம்.

இனி நிற்காத ஊர்கள். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) நாகர்கோவிலில் துணிக்கடை வைத்துக்கொண்டு எழுதியது. அதில் ஊரைவிட்டு யாரும் போவதில்லை. குளம் போகிறது, காற்றாடித் தோப்பு போகிறது, அந்த இடத்தில் பூங்கா வருகிறது, கடைகள் வருகின்றன, நகராட்சித் தேர்தல் வருகிறது, கடைசியில் மரமும் பட்டுப்போகிறது. ஏக்கம் இருக்கவேண்டிய இடத்தில் எள்ளல் இருக்கிறது. காரணம் எளிது. தன் கண் முன்னால் தினமும் மாறுகிற ஒன்றை நினைத்து ஏங்க முடியாது. அந்த மாற்றத்தில் தனக்கும் பங்கு இருக்கிறது என்று தெரியும்போது ஏக்கம் கூச்சமாகிவிடும்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) இதே விஷயத்தை ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கிறது. வாத்தியார் வேலைக்குப் போன மகன் செபஸ்தி, வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி தகப்பனிடம் சொல்கிறான். குரூஸ் மிக்கேலுக்கு மனமில்லை. கடலில் லாஞ்சுகள் வந்து வல்லங்களின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, தகப்பன் மறுப்பதிலும் இருக்கிறது. இன்றைக்கும் தீபாவளிக்கு ஊருக்கு வரும் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது இதைத்தான். வல்லத்துக்குப் பதில் நாலு ஏக்கர் மானாவாரி என்று மாற்றிக்கொண்டால் போதும்.

பெருமாள்முருகனின் முதல் நாவல் 'ஏறுவெயில்' (1991) இன்னும் ஒரு படி தாண்டுகிறது. குடியிருப்புக் காலனி கட்ட நிலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். விவசாயக் குடும்பம் வெகுதூரம் ஒன்றும் போகவில்லை. காட்டுக்காரர்களாக இருந்தவர்கள் காலனிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களாக ஆகிறார்கள். நட்டு வளர்த்த உறவுகள் பணம் வந்ததும் எப்படி உடைகின்றன என்பதை ஒரு பையனின் கண் பார்க்கிறது. இடம்பெயராமலே இடம்பெயர்வது என்றால் இதுதான். அந்த மண்ணை விடாமல் எழுதியவருக்கு, தன் 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015இல் நாமக்கல்லை விட்டுப் போகவேண்டி வந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். ஊரில் இருந்து எழுதுகிறவன் ஊருக்குப் பதில் சொல்லவும் வேண்டியிருக்கிறது. பம்பாயில் உட்கார்ந்து எழுதுகிறவனை மறித்துக் கேட்க ஊர்க்காரர்கள் ரயிலேறி வரமாட்டார்கள்.

இதுவரை சொன்னதில் ஓர் ஓட்டை இருக்கிறது. தங்குவதா போவதா என்று யோசிக்க, முதலில் ஊர் உங்களுக்குச் சொந்தமாக இருக்கவேண்டும். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தை அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் மண்டிய இடம் என்று சாடியபோது, கிராமத்தைப் போற்றிக்கொண்டிருந்த பலருக்குக் கசந்தது. பாமாவின் 'கருக்கு' (1992) அந்தப் பேச்சுக்கு விருதுநகர் மாவட்டத்திலிருந்து எழுதிச் சேர்த்த சாட்சியம். அதில் ஊரின் அழகு உண்டு, விளையாட்டு உண்டு, மலை உண்டு. எந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்பதும் உண்டு. அவருடைய அண்ணன் ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) அதே ஊரிலிருந்து படிப்பைப் பிடித்துக்கொண்டு வெளியேறும் ஒருவனின் கதை. தன்னையே கேலி செய்துகொள்ளும் அந்த நடைக்குத் தமிழில் இணை குறைவு. சிலுவைராஜுக்கு ஊரைவிட்டுப் போவது இழப்பு இல்லை, மூச்சு. ஆனால் போன இடத்திலும் கேள்வி விடுவதில்லை: எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு? நாஞ்சில் நாட்டுப் பந்தியை நினைத்து உருகும் எழுத்தையும் இதையும் அடுத்தடுத்துப் படிக்கவேண்டும். பந்தியில் உட்காராதவர்களுக்கு அந்த வரிசை எதற்கு நினைவிருக்கப் போகிறது?

பெண்கள் விஷயமும் அப்படித்தான். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போவதை யாரும் புலப்பெயர்வு என்று எழுதுவதில்லை, அது சடங்கு. இதற்கு நேரெதிர் நிலையைச் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) காட்டுகிறது. ஆண்கள் சபர், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்க, போய்விட்ட வீடுகள். பணம் வருகிறது, சென்ட் வருகிறது, ஆள் வருவதில்லை. சங்கப் பாலைப் பாட்டுகளில் பொருள் தேடிப் போனவனுக்காகக் காத்திருந்தவள் இங்கே எழுந்து உட்கார்ந்து, காத்திருப்பது என்றால் என்னவென்று உடம்பு சகிதமாகச் சொல்கிறாள். பாலைத் திணை பற்றி வகுப்பெடுப்பவர்கள் இந்த நாவலையும் சேர்த்து எடுக்கலாம்; துணிச்சல் இருந்தால்.

கடல் தாண்டினால் விருப்பம் என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் வாசவன்பட்டி மருதியை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளை 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. தாயகம் திரும்பியோர் என்று அரசு ஆவணம் அவர்களை எழுதியது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் ராமேசுவரத்தில் இறங்கி, தான் கண்ணாலும் பார்த்திராத ஊருக்குத் திரும்பினார். பலர் அங்கே ஒட்டமுடியாமல் நீலகிரியில், மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே உருவாக்கப்பட்டவை. ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இங்கே அந்தக் குரல் தாழ்ந்துதான் ஒலிக்கிறது. தோட்ட வாழ்க்கையின் அழுத்தமான எழுத்து தெளிவத்தை ஜோசப் போன்றவர்களிடம், அந்தக் கரையிலேயே இருந்தது.

ஈழத்தில் 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமமே ஓரிரவில் கிளம்பியது. இந்த இரண்டு வெளியேற்றங்களுக்கும் பிறகு ஊர்ப்பாசம் என்ற பழைய சொல்லை அங்கே லேசாகப் பயன்படுத்த முடியாது. ஆளற்றுப்போன புங்குடுதீவைப் பற்றி சு. வில்வரத்தினம் எழுதிய கவிதைகளில் மனிதர் போனபின் ஊர் என்ன செய்யும் என்ற கேள்வி இருக்கிறது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) பாரிஸில் அகதி மனுவிலிருந்து ஆரம்பிக்கிறது: ஊரை நினைப்பது அங்கே கவிதை அல்ல, அதிகாரிக்கு எதிரே நிரூபிக்கவேண்டிய விவரம். அ. முத்துலிங்கத்தின் கொக்குவில் இதற்கு நேர்மாறு. ஆப்பிரிக்கா, பாகிஸ்தான், கனடா என்று அலைந்தவரின் ஊர் சிறுவன் பார்த்த ஊராகவே, சிரிப்போடு, அப்படியே இருக்கிறது. அவரிடம் படிப்பதற்கு இன்பம் அதிகம். எனக்கு ஷோபாசக்தியின் எரிச்சல்தான் நம்பத்தக்கதாக இருக்கிறது. இதில் சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

கடைசியாக, ஆட்கள் வந்துசேரும் ஊர். திருப்பூரைச் சுப்ரபாரதிமணியன் 'சாயத்திரை'யிலும் எம். கோபாலகிருஷ்ணன் 'மணல் கடிகை'யிலும் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பனியன் கம்பெனிக்கு வருபவர்கள் பெரும்பாலும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வருபவர்கள். இன்று அதே மெஷின்களுக்கு முன்னால் ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய ஊர்க்கதை நமக்குத் தெரியாததல்ல. போஜ்புரியில் பிகாரி டாகூர் கல்கத்தாவுக்குப் பிழைக்கப் போன புருஷனையும் ஊரில் விடப்பட்ட மனைவியையும் வைத்துப் 'பிதேசியா' என்ற நாடகத்தை ஆக்கி ஊர் ஊராக ஆடினார். அந்தப் பெயரிலேயே ஒரு நாடக மரபு உண்டாகிவிட்டது. பாலைத் திணைக்காரர்களான நமக்கு அதைத் தமிழில் கொண்டுவந்து, திருப்பூரிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடையேற்ற ஒரு குழுவும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் போதும்.